ஏழாவது மாடியில் லிஃப்ட் ஓடிய வாரம்

ஒரு கார்ட்டூன் குடும்பம் பத்தொன்பது வருஷமாக ஏழாவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. அப்பா மூச்சு வாங்கக் காய்கறிப் பை தூக்கி வருவார். அம்மா நாலாவது மாடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை போடுவாள். எட்டு வயதுப் பையன் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வந்து யார் மேலாவது விழுவான். பத்தொன்பது வருஷமாக அவனுக்கு எட்டு வயதுதான். வாசல் கதவை யார் தட்டினாலும் பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கத்துவான்: "வீட்டுல யாருமே இல்லைங்க!" தபால்காரர் முதல் அப்பாவின் மேலதிகாரி வரை அதை நம்பித் திரும்பிப் போவார்கள். 'ஏழாவது மாடி' தொடரில் இதற்கு மேல் பெரிய கதை கிடையாது. இதுவே போதும் என்று ஊர் உட்கார்ந்து பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்டை ரிப்பேர் பண்ணிவிட்டார்கள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த கத்தரிக்கு முதல் இரண்டு நிமிஷத்திலேயே மூக்கில் வியர்த்துவிட்டது. கத்தரி என்பது அவளுடைய புனைபெயர். பத்திரிகையில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதுகிறவள். அவள் பேனாவில் மாட்டாத தொடர் இல்லை, மாட்டிய பிறகு தலைநிமிர்ந்த தொடரும் அநேகமாக இல்லை. எந்தத் தொடரையும் முதல் தடவை குடும்பத்தோடு உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமல் பார்ப்பாள். இரண்டாம் தடவை தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அன்றைக்கு முதல் தடவை. கணவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். ஊர்க்காரர்களின் பார்வையைச் சரிசெய்துவிட்டு, தொலைக்காட்சி பக்கம் மட்டும் பார்வையைத் திருப்பாதவர். மகள் வழக்கமாக அம்மாவின் காலடியில் தரையில் உட்காருவாள். அன்றைக்கு என்னவோ பின்னால் சாப்பாட்டு மேஜை நாற்காலியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முன்னால வந்து உட்காரேன். அங்கேர்ந்து என்ன தெரியும்?"

"இங்கேயே சரியா இருக்கும்மா. நீ பாரு."

லிஃப்ட் ஓடியது. படியில் யாரும் யாரையும் சந்திக்காமல் போனார்கள். எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம், அதைக் கெடுப்பதற்கு நிறைய உழைத்திருந்தார்கள். பழைய படிக்கட்டுக் காட்சிகளை எல்லாம் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். ஒரு பாட்டு வந்தது. யாரும் கேட்காமல் வந்து யாரும் கவனிக்காமல் போனது. கடைசியில் பையன் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டான். விளக்கு அணைந்தது. திரை முழுக்கக் கறுப்பு. குரல் மட்டும்.

"இருட்டா இருக்கு. எனக்கொண்ணும் பயமில்லை. கத்தினா அம்மாவுக்குக் கேட்கும். எங்கம்மாவுக்கு எது பேசினாலும் கேட்கும்."

கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரலில் ஏதோ தட்டியது. சரியாகத்தான் இருந்தது, ஆனால் சரியாக இல்லை. சொல்லுக்கு முன்னால் மூச்சு ஒரு நொடி நின்று பிறகு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பையன் அப்படி மூச்சை நிறுத்தியதில்லை. பக்கத்தில் பார்த்தால், கணவர் பேப்பரைக் கீழே இறக்கியிருந்தார். திரையைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, வாயைப் பாதி திறந்தபடி, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்கே தெரிந்துவிட்டதே என்று நினைத்தாள் கத்தரி. அவள் வயிற்றில் பத்தொன்பது வருஷமாக எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அக்காவுக்குக் குரல் போய்விட்டது!

அந்தப் பையனுக்குக் குரல் கொடுப்பவள் அவளுடைய சொந்த அக்கா. இது பத்திரிகை ஆபீஸில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்தத் தொடரைப் பற்றி எழுதவிட மாட்டார்கள். கத்தரி சொல்லவும் இல்லை, அக்கா சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அந்த வேலை கத்தரிக்கு வந்திருக்க வேண்டிய வேலை. குரல் தேர்வுக்குக் கூப்பிட்டது அவளைத்தான். அப்போது மகள் கைக்குழந்தை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூட வந்தவள் அக்கா. கத்தரி உள்ளே மைக் முன்னால் நின்று நாலு வரி பேசியிருப்பாள், வெளியே வராந்தாவில் குழந்தை வீறிட்டது. அக்கா தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் கதவைத் தானே இரண்டு தட்டுத் தட்டி, தானே ஒரு பொடிப்பயல் குரலில், "வீட்டுல யாருமே இல்லைங்க!" என்றாள். குழந்தை கப்பென்று அழுகையை நிறுத்தி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. டைரக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு அது பேசினது?" என்றார். அவ்வளவுதான். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றவளிடம், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார்.

என் பிள்ளையை வைத்தே என் வேலையை எடுத்துக்கொண்டாள் என்று கத்தரி அன்றைக்கு நினைத்தாள். அதை அதற்குப் பிறகு அவள் மறந்த நாளே இல்லை.

வேலையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளையும் அல்லவா அந்தப் பக்கம் சாய்ந்தது. போனில் பெரியம்மா அந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசினால்தான் வாயைத் திறந்து சாப்பிடும். காய்ச்சல் வந்தால் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் பெரியம்மாவுக்குத்தான் முதல் போன். பெற்றவள் பக்கத்திலேயே கையில் மருந்தும் கரண்டியுமாக நிற்பாள். இப்போது பெண் கல்லூரியில் கடைசி வருஷம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மாதம் பூராவும் மத்தியானத்தில் பெரியம்மா வீடே கதி என்று கிடந்தாள். "சும்மா ஒத்தாசைக்கும்மா" என்றாள். பெரியம்மாவோ அந்த ஒரு மாதமும் போனை எடுக்கவில்லை. எது கேட்டாலும் ரெண்டு வார்த்தையில் ஒரு மெசேஜ். என்னோடு பேசவும் சம்பளம் கேட்பாள் போல என்று கத்தரி கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்து எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அவர் பேச்சைத் தவிர்க்கும் முறை அது.

மறுநாள் காலை அவள் இரண்டாம் தடவை பார்த்தாள். ஹெட்போனில் அந்த மூச்சு இன்னும் தெளிவாகக் கேட்டது. ஓட்டி ஓட்டிக் கேட்டாள். அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். அக்கா தூக்கத்தில் எப்படி மூச்சு விடுவாள், பொய் சொல்லும்போது எந்த எழுத்தை இழுப்பாள், எல்லாம் அத்துப்படி. இது அந்த மூச்சே இல்லை. வயசாகிவிட்டது, தொண்டை கட்டிவிட்டது, வேறென்ன!

எழுத உட்கார்ந்தபோது கை தானாக ஓடியது.

'லிஃப்ட் ஓடுகிறது. தொடர் நின்றுவிட்டது' என்று ஆரம்பித்தாள். 'பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது ஒரு வகை. இவர்கள் அரைத்த மாவை எடுத்து நமக்குக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி திடீரென்று கட்டிப்பிடித்து அழுகிறாள். அதற்குக் கதையில் காரணம் தேடாதீர்கள். எழுதியவருக்கு வீட்டுக்குப் போக நேரமாகியிருக்கும்.'

அதுவரை எழுதியது அத்தனையும் நியாயம். யார் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எழுந்துபோய் ஒரு காபி கலந்து குடித்தாள், திரும்பி வந்தாள், நிறுத்தவில்லை.

'கடைசியாக, பையன். லிஃப்டுக்குள்ளே பேசுவது பையனே இல்லை. குழந்தை மாதிரிப் பேசிப் பேசிக் களைத்துப்போன ஒரு பெண்மணி. மூச்சு பற்றவில்லை. ஒவ்வொரு சொல்லும் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கத்தினால் அம்மாவுக்குக் கேட்கும் என்கிறான். இந்தக் குரலைக் கேட்டால் எந்த அம்மாவும் ஓடிவந்து கதவைத் திறக்க மாட்டாள், இன்னொரு பூட்டு வாங்கிப் போடுவாள். பையனுக்கு வேறு குரல் தேட நேரம் வந்துவிட்டது.'

ஆசிரியர் போன் பண்ணினார். "கடைசிப் பாரா கொஞ்சம் பலமா இருக்கே. ஒருத்தர் பொழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். வெச்சுக்கலாமா?"

 பதில் சொல்வதற்கு முன்பே கத்தரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இது வெளிவந்தால் அக்காவின் வேலைக்கே உலை வைக்கும் என்று தெரிந்திருந்தது. பரவாயில்லை என்று தோன்றியதும் தெரிந்திருந்தது.

"வெச்சுக்கோங்க. காதுல கேட்டதைத்தானே எழுதியிருக்கேன்" என்றாள்.

மத்தியானமே இணையத்தில் வந்துவிட்டது. வாசகர்கள் குதூகலித்தார்கள். பூட்டு ஜோக்கை எடுத்து எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'படிச்சேன். நல்லா எழுதியிருக்கே. நாளைக்கு வீட்டுக்கு வரேன்.' திட்டியிருந்தால் கத்தரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவள் எப்போதும் இப்படித்தான், நல்லவள் என்ற பெயரையும் விடமாட்டாள் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. தலைவலி என்றாள். கணவர் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, "அந்தக் கடைசிப் பாரா வேண்டியிருக்கலையே" என்றார்.

"உங்களுக்கே தெரிஞ்சுதே. பேப்பரைக் கீழ வெச்சுட்டுத் திரும்பிப் பார்த்தீங்களே."

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "அவளே சொல்லட்டும்" என்று கை கழுவ எழுந்துபோய்விட்டார். அக்காவைத்தான் சொல்கிறார் என்று கத்தரி எடுத்துக்கொண்டாள்.

அக்கா மறுநாள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "குட்டி எங்கே?" என்று மகளைத் தேடினாள். வந்தது தங்கையைப் பார்க்க இல்லை, அதிலேயே கத்தரிக்குப் பாதி எரிச்சல். ஆனால் மீதிப் பாதி வேறு ஒன்றில் போய் நின்றது. அக்காவின் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை.

"குரலுக்கு என்னாச்சுக்கா?" என்றாள்.

"இப்போ ஒண்ணுமில்லை. மூணு மாசத்துக்கு முன்னால தொண்டையில ஒரு சின்னக் கட்டி வந்துது. எடுத்துட்டாங்க. ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா எழுதிடுவியோன்னு பயமா இருந்துதுடி" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். கார்ட்டூனில் முதலில் குரல், பிறகுதான் அதற்கேற்ற வாயசைவோடு படம். குரல் இல்லையென்றால் படம் வரைகிறவர்களின் மேஜை எல்லாம் நின்றுவிடும். அவள் வாயைக் கட்டிப்போட்ட அந்த மாதம் பார்த்துத்தான் லிஃப்ட் காட்சியை மாற்றி எழுதினார்கள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேற ஒருத்தரை வெச்சுப் பேச வெச்சோம். நான் பக்கத்துல உட்கார்ந்து கையால காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்தேன். அதுகூட அதிகம் தேவைப்படலை. சின்ன வயசுலேர்ந்தே அந்தக் குரல்ல பேசற பிள்ளை. டைரக்டர் என்ன சொன்னார்னா, ஒளிபரப்பாகட்டும், ஒருத்தரும் வித்தியாசம் கண்டுபிடிக்கலைன்னா எனக்கப்புறம் அந்தப் பையன் அவளுக்குத்தான்னார்."

"அவளுக்குன்னா?"

அக்கா அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"ஒருத்தரும் கண்டுபிடிக்கலைம்மா" என்றாள் மகள். "நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சே."

சின்ன வயதில் இந்தப் பெண் அழுவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்து நிறுத்துவாள். முகம் சிவக்கும், அப்புறம்தான் சத்தம் வரும். டாக்டரிடம்கூடக் கத்தரி தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இருட்டில் அந்த லிஃப்டுக்குள் நின்ற மூச்சு அதுதான். அக்காவின் மூச்சு இல்லை என்று கண்டுபிடித்த காதுக்கு, அது யார் மூச்சு என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் நெஞ்சில் அப்போது முதலில் வந்தது வருத்தம் இல்லை. பொறாமைதான் வந்தது. பிள்ளைக்கு இப்படி ஒரு திறமை இருப்பது அக்காவுக்கு முதலில் தெரிந்திருக்கிறது, டைரக்டருக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணாடி துடைக்கிற மனுஷனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. வருத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"ஆச்சரியப்படுத்தலாம்னு. நீயே கேட்டுட்டுத் திரும்பிப் பார்ப்பேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பின்னால போய் உட்கார்ந்தேன். அந்த லைன் வந்தப்போ டிவியையே பார்க்கலைம்மா. உன் முதுகையே பார்த்துட்டிருந்தேன்" என்றாள் மகள். "நீ நிமிர்ந்து உட்கார்ந்தே. கேட்டுடுச்சுன்னு நெனச்சேன். அப்பா திரும்பினாரு. நீ திரும்பலை."

"இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல உன் கட்டுரையைத்தான் மேஜையில விரிச்சு வெச்சிருந்தாங்க" என்றாள் அக்கா. "டைரக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கலை. கத்தரிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரின்னுட்டார். எனக்கப்புறம் பேச வெளியிலேர்ந்து யாரையோ பார்க்கறாங்க. குட்டி வேண்டாமாம்."

"நான் மாத்தி எழுதறேன்" என்றாள் கத்தரி. "தப்பாக் கேட்டுட்டேன்னு போடறேன். நாளைக்கே போடறேன்."

"என்னன்னு போடுவே?" என்றாள் மகள். "களைச்சுப்போன பெண்மணி இல்லை, என் சொந்தப் பொண்ணு, அதனால நல்லாத்தான் பேசியிருக்கான்னா? படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? நீதானேம்மா சொல்லுவே, சொந்தக்காரங்களைப் புகழ்ந்து எழுதறவன் பேனாவை ஒடிக்கணும்னு."

திட்டி எழுதக் கத்தரிக்கு ஆயிரம் வழி தெரியும். இந்த ஒரு பெண்ணைப் பாராட்டி எழுத இனி ஒரு வழியும் இல்லை. எல்லா வழியையும் தானே அடைத்துவிட்டு நிற்கிறாள்.

"அந்தச் சீன் நல்லா இருந்துதா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா" என்றாள் மகள். "எழுத வேண்டாம். எங்கிட்ட சொல்லு."

கேட்டதே அவ்வளவுதான். இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கத்தரியின் தலைக்குள் அந்தக் காட்சி ஓடியபோது, அந்தக் குரலுக்குள் அக்காதான் எழுந்து நின்றாள். அக்காவின் இழுப்பு, அக்காவின் குறும்பு, அக்கா வராந்தாவில் கதவைத் தட்டிய அந்த நாள். தன் சாயலாக ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று அவள் தேடினாள். தேடிக்கொண்டே நின்றதில் பதில் சொல்ல நேரமாகிவிட்டது.

"சரி, விடும்மா" என்று மகள் அறைக்குள் போனாள். அக்கா எழுந்து பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கத்தரி கூடத்தில் தனியாக நின்றாள். தொலைக்காட்சி அணைந்திருந்தது. மேஜை மேல் ஹெட்போன் கிடந்தது. அதை எடுத்துக் காதில் மாட்டி, அந்தக் காட்சிக்குத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இருட்டாக இருக்கிறது, எனக்கொன்றும் பயமில்லை என்று பையன் சொன்னான். மூச்சு நின்றது. கத்தினா அம்மாவுக்குக் கேட்கும் என்றான். இந்தத் தடவை கேட்டது. அந்தக் குரலுக்குள்ளிருந்து அக்கா போய்விட்டிருந்தாள், உள்ளே தன் பிள்ளை ஒருத்திதான் இருட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பிரமாதமாகப் பேசியிருந்தாள். கத்தரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓடினாள். இதைச் சொல்லிவிட வேண்டும். யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

அறைக்குள்ளே இரண்டு பேரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றது.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பத்தொன்பது வருஷமாகக் கேட்ட அதே குரலில், ஓர் எழுத்து பிசகாமல், எட்டு வயதுப் பையன் கத்தினான்.

"வீட்டுல யாருமே இல்லைங்க!"

கத்தரி கதவில் கையை வைத்தபடி நின்றாள். இழுப்பைக் கவனித்தாள், மூச்சைக் கவனித்தாள், காதைக் கதவோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கத்தியது அக்காவா, மகளா என்று அவளுக்குத் தெரியவில்லை.